அம்மாவுக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை: பக்க விளைவுகளை எப்படிச் சமாளிப்பது?

"அம்மாவுக்கு 48 வயது. லூபஸ் என்று சொல்லி எட்டு மாதமாக பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். 40 மி.கி.யில் தொடங்கி, இப்போது காலையில் 10, இரவில் 5. முகம் உப்பிவிட்டது, பிடரியில் சதை போட்டிருக்கிறது. ராத்திரி தூக்கமில்லை, நாலைந்து தடவை பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை 102, பயப்பட ஒன்றுமில்லை என்று லேபில் சொன்னார்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். போன வாரம் ஒரு விசேஷத்தில் சொந்தக்காரர் ஒருவர் 'ஸ்டீராய்டா? கிட்னியைத் தின்றுவிடும், உடனே நிறுத்து' என்று சொல்லிவிட்டார். நிறுத்தத்தான் போகிறேன் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். என்ன செய்வது?" இதுதான் நீங்கள் கேட்டது.

முதல் வேலையாக, நாளைக் காலை மாத்திரையை அம்மா போட்டுக்கொள்ளும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

நான் மருந்தாளுநர். மருத்துவமனை மருந்தகத்தில் பதினேழு வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். 2008-இல் எனக்கே லூபஸ் வந்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் அந்த நோய். அன்றிலிருந்து ஏதோ ஒரு அளவில் பிரெட்னிசோலோன் என்னோடு இருக்கிறது; இப்போது தினம் 5 மி.கி. படித்ததையும் பட்டுத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். அம்மாவை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதற்கு இது உதவட்டும்.

நம் சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி வைத்தாற்போல அட்ரீனல் என்று இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் கார்டிசால் இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் நிற்காது; காய்ச்சலையோ அடியையோ உடம்பு தாங்காது. ஒரு நாளில் உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால், சுமார் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக வந்துகொண்டே இருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அந்தச் சுரப்பிகளுக்கு வேலை ஏவுவதை விட்டுவிடும். மூன்று வாரம் தாண்டினாலே அவை சோம்ப ஆரம்பிக்கலாம். எட்டு மாதத்தில் நன்றாகவே தூங்கிப்போயிருக்கும். அவை மறுபடி விழிக்கச் சிலருக்கு வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் மாத்திரையும் இல்லை, சொந்தச் சுரப்பும் இல்லை என்றால் உடம்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இது தெரிந்திருந்தும் நான் நிறுத்தினேன். 2010-இல் என் தம்பி கல்யாணம். அப்போது தினம் 20 மி.கி. ஃபோட்டோவில் இந்த உருண்டை முகம் விழக்கூடாது என்ற ஒரே ஆசையில், நாலு நாள் முன்னால் மாத்திரையை விட்டுவிட்டேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கைகால் எல்லாம் அடித்துப்போட்டது போல வலி. மூன்றாம் நாள் காலையில் கூடத்தில் மல்லிகைக் கூடையை வைத்துப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையே குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு அடுக்களைத் தரையில் படுத்தவள், தலையைத் தூக்க முடியவில்லை. கல்யாண வீட்டு அலுப்பு என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது பிரஷர் 80-க்கு 50. அங்கே முதல் கேள்வியே "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பதுதான். என் அம்மாவுக்கு மாத்திரையின் பெயர் தெரியவில்லை. என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தபோது, ஓரம் மடங்கிய காலி அட்டை ஒன்று விழுந்தது. அதைப் படித்த டியூட்டி டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்தாகச் செய்த கார்டிசால்) 100 மி.கி. ஊசி, கூடவே சலைன். இரவு பத்து மணிக்கு நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

அந்தக் காலி அட்டை இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்கும். அதனால் அம்மாவின் பர்ஸில் ஒரு சீட்டு வையுங்கள்: பெயர், நோய், மாத்திரையின் பெயர், இன்றைய அளவு, எப்போதிலிருந்து எடுக்கிறார், "திடீரென நிறுத்தக் கூடாது, மயங்கினால், வாந்தி நிற்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவை" என்ற வரி, உங்கள் ஃபோன் நம்பர். பிரிட்டனில் 2020 முதல் இதற்கென்றே ஒரு அவசர அட்டை கொடுக்கிறார்கள். நமக்குக் கையால் எழுதிய சீட்டே போதும். வீட்டில் எல்லோருக்கும் மாத்திரையின் பெயர் தெரிந்திருக்கட்டும். வைசோலோன், ஓம்னாகார்டில் என்று அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பிரெட்னிசோலோன்தான். மெட்ரால் மட்டும் வேறு: அது மெத்தில்பிரெட்னிசோலோன், அதில் 4 மி.கி. இதில் 5 மி.கி.க்குச் சமம். கடையில் மாற்றிக் கொடுத்தால் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சொந்தக்காரர் சொன்ன கிட்னி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அம்மாவின் பயம் அங்கேதான் இருக்கிறது. லூபஸில் சிறுநீரகத்தைத் தாக்குவது லூபஸே. நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அந்த அடி பலருக்குச் சிறுநீரகத்தில் விழுகிறது. அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளாகவே உருண்டை முகமும் மற்ற விளைவுகளும் தெரியவந்துவிட்டன. அந்தக் காலத்தில் லூபஸ் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் நாலைந்து வருடம் தாண்டினார்கள். இன்று பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். அதில் இந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஸ்டீராய்டு வேறு சரக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் அது.

அம்மாவின் சிறுநீரகத்தை நினைத்து நான் பயப்படுவது மெடிக்கலில் வாங்கும் அந்த வலி மாத்திரைக்காகத்தான். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையாக இருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். லூபஸ் உள்ளவருடைய சிறுநீரகத்தை அவை நேரடியாகக் கெடுக்கலாம். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் ஒன்றாகச் சேரும்போதுதான் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் அபாயம் பல மடங்கு ஏறுகிறது. வலி தாங்காவிட்டால் பாரசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் என் கண் நின்ற இடம் அந்த 102. ராத்திரி நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்கிறீர்கள், லேபில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்திருக்கிறார்கள். காலையில் பிரெட்னிசோலோன் போட்டால் அதன் வேகம் மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையில் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏற ஆரம்பித்து, சாயங்காலம் உச்சத்துக்குப் போய், விடிவதற்குள் இறங்கிவிடும். காலை ஆறு மணிக்கு ஊசி குத்திப் பார்த்தால் நல்ல பிள்ளையாக 102 காட்டும். நான் மருந்தகத்தில் இருந்தபோது, வெறும் வயிற்றில் 98 என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே தாகம் தாகம் என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்த ஒரு அம்மாவுக்குச் சாயங்காலம் பார்த்தபோது 318.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை, மூன்று நாள் தொடர்ந்து வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதுங்கள். சாப்பிட்ட பிறகு 140-க்குள் இருந்தால் நிம்மதி. 200-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மருந்து ஆரம்பித்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: பின்னால் ஸ்டீராய்டு அளவு குறையும்போது சர்க்கரை மருந்தும் கூடவே குறைய வேண்டும். இல்லையென்றால் தாழ்சர்க்கரை வந்து வியர்த்து மயக்கம் போடும்.

தூக்கத்துக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி அந்த இரவு 5 மி.கி. கார்டிசால் இயற்கையில் விடியற்காலையில் ஏறி இரவில் இறங்குவது. இரவில் மாத்திரை போட்டால் உடம்புக்கு அது விடிந்துவிட்டது என்று சொன்ன மாதிரி. மொத்தம் 15-ஐயும் காலை எட்டு மணிவாக்கில் சாப்பிட்ட பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிரித்துக் கொடுத்ததற்கு அவரிடம் காரணம் இருக்கலாம், அதனால் நீங்களாக மாற்றவேண்டாம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். எனக்கு அப்படி மாற்றிய நாலாம் நாளே ராத்திரி ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

முகத்தைப் பற்றி நாசூக்காகப் பேச எனக்குத் தெரியாது, ஏனென்றால் அது வலிக்கும். "நல்லா பூசின மாதிரி ஆயிட்டியே" என்பார் ஒருவர், "என்னாச்சு, ஏதாவது பெரிய வியாதியா?" என்று மூக்கை நுழைப்பார் இன்னொருவர். அம்மா விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்திருப்பாரே, கவனித்தீர்களா? அவர் நிறுத்த நினைப்பதற்குக் கிட்னி பயம் ஒரு காரணம் என்றால் கண்ணாடி இன்னொரு காரணமாக இருக்கும். அதை வெளியே சொல்லமாட்டார். உப்பிய முகமும் பிடரிச் சதையும் அளவு குறையக் குறைய வடியும். எனக்கு 10 மி.கி.க்குக் கீழே வந்த பிறகு கன்னம் இறங்க ஐந்து மாதம் ஆனது. பழைய தாடை எலும்பு கையில் தட்டுப்பட்ட அன்றைக்கு நான் கண்ணாடி முன்னால் நின்று அழுதேன்.

அதுவரை உப்பைக் குறைத்தால் வீக்கத்தில் நீர் பங்கு இறங்கும், பிரஷரும் கட்டுக்குள் நிற்கும். குழம்பில் போடும் உப்பை விட, தட்டு ஓரத்தில் வருபவைதான் ஆள்கொல்லி: ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, பாக்கெட் மிக்சர். மோரில் உப்பில்லாமல் கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டுப் பழக்குங்கள். பசி வேறு கட்டுக்கடங்காமல் வரும். அது அம்மாவின் நாக்குச் சபலம் இல்லை, மருந்து மூளையில் கிளப்பும் பசி. "சும்மா சும்மா தின்கிறாய்" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு அந்தப் பசி வரும் என்று தெரியும், அதற்கு முன்பே சுண்டல், வேகவைத்த முட்டை, வெள்ளரிக்காய் ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிஸ்கட் டப்பாவை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். சோற்றைக் குறைத்துப் பொரியல், கூட்டு, பருப்பைக் கூட்டுங்கள். இளநீர், வாழைப்பழம் பொட்டாசியத்துக்கு நல்லதுதான், ஆனால் லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

எலும்பு. சத்தமே இல்லாமல் நடப்பது இது. ஸ்டீராய்டு எடுக்க ஆரம்பித்த முதல் ஆறு மாதத்தில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. முதுகெலும்பு அமுங்கி முறிந்தாலும் சிலருக்கு வலியே தெரியாது. உயரம் குறைவதுதான் அடையாளம். தினமும் உணவும் மாத்திரையும் சேர்ந்து 1000 முதல் 1200 மி.கி. கால்சியமும், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி-யும் சேரவேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மி.கி. கால்சியம், 100 கிராம் கேழ்வரகு மாவில் 350-ஐ ஒட்டி. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நல்லது. லூபஸ்காரர்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டியிருப்பதால் வெயிலில் நின்று வைட்டமின் டி வாங்கும் யோசனை அம்மாவுக்கு ஒத்துவராது, மாத்திரைதான். தைராய்டு மாத்திரை எடுக்கிறார் என்றால் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். எலும்பு காக்க வாரம் ஒரு முறை அலென்ட்ரோனேட் கொடுத்தால், அந்த ஒரு நாள் காலையில் காபி காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் சாயாமல் படுக்காமல் நிமிர்ந்தே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருந்தோம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் இந்த மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

தொடைச் சந்தில் வலி, நடக்கும்போது ஒரு பக்கம் இழுப்பது என்று அம்மா சொன்னால் வாய்வு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். இடுப்பு மூட்டின் பந்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போவது ஸ்டீராய்டு எடுக்கும் லூபஸ்காரர்களுக்கு வரக்கூடியது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். சீக்கிரம் பிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழி உண்டு.

தசை விஷயமும் உண்டு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த அம்மா, கையை ஊன்றாமல் எழுகிறாரா? மேல் அலமாரியில் டப்பாவை எடுக்கும்போது கை நடுங்குகிறதா? தொடையும் தோளும்தான் முதலில் வலுவிழக்கும், வலியே இருக்காது. இதற்கு மருந்து கிடையாது, நடையும் பயிற்சியும் புரதமும்தான். நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்வது, காலை பத்து தடவை, மாலை பத்து தடவை. முதல் வாரம் மூன்று முடிந்தாலே போதும். வெயில் தாழ்ந்த பிறகு அரை மணி நடை.

தொற்றுக்கு வருகிறேன், நம் ஊரில் இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பை அடக்குவதோடு காய்ச்சலையும் அடக்கிக் காட்டும். 99.5 என்று தெர்மாமீட்டர் சொன்னாலும் உள்ளே பெரிய தொற்று ஓடிக்கொண்டிருக்கலாம். தினம் 15 மி.கி. அளவில் ஒரு மாதத்துக்கு மேல் எடுப்பவர்களுக்குப் பழைய காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. அம்மா சரியாக அந்த எல்லையில் இருக்கிறார். இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது (ஸ்டீராய்டில் இருப்பவருக்கு எடை இறங்கினால் மகிழக்கூடாது, யோசிக்க வேண்டும்) என்று எது வந்தாலும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் அது பிரெட்னிசோலோனின் வேலையை வெகுவாகக் குறைத்துவிடும். காசநோய் மையத்தில் இருப்பவருக்கும் லூபஸ் மருத்துவருக்கும் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது அம்மை. தெருவில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் வேப்பிலை செருகி, யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பது நம் வழக்கம். வேப்பிலை இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ இப்போதே கேட்டு வையுங்கள். வந்ததில்லை என்றால், அம்மை போட்டவரோடு ஒரே அறையில் இருந்திருந்தால், கொப்புளம் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொடர்பு ஏற்பட்ட சில நாட்களுக்குள் தடுப்பதற்கு மருந்து உண்டு. ஸ்டீராய்டில் இருப்பவருக்குச் சின்னம்மை நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகலாம்.

ஊசியாகப் போடும் ஃப்ளூ தடுப்பூசியிலும் நிமோனியா தடுப்பூசியிலும் உயிருள்ள கிருமி கிடையாது, அம்மாவுக்குப் போடலாம், போடவேண்டும். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் எதையும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. 2021-இல் கரும்பூஞ்சையால் கண்ணை இழந்தவர்களை நாம் பார்த்தோம். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் பிடித்தது. சாயங்காலச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண்ணுக்கு வருடம் ஒரு முறையாவது முழுப் பரிசோதனை: கண்புரையும், கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுத்தால் விழித்திரையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப்போகும்; தேங்காயெண்ணெய் தடவி, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வாயில் வெள்ளையாகத் தயிர் போலப் படிந்தால் பூஞ்சை, எளிதில் குணமாகும்.

மனசு. ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவது, அரை மணி கழித்துத் தானே அழுவது, ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்திரம் தேய்ப்பது இதெல்லாம் மருந்தின் வேலை. 40 மி.கி.க்கு மேல் போகும்போது அதிகம் வரும், சிறிய அளவிலும் சிலருக்கு வரும். நான் என் மகனை ஒரு சிந்திய டம்ளர் பாலுக்காக அடித்த நாள் எனக்கு மறக்காது. அன்றிரவு அவனை உட்காரவைத்து, "அம்மா போடுகிற மாத்திரை அம்மாவைக் கோபக்காரியாக்குது, உன் மேல் தப்பில்லை" என்று சொன்னேன். ஏழு வயது. மறுநாளிலிருந்து நான் குரல் உயர்த்தினால் "அம்மா, மாத்திரையா?" என்று கேட்பான். அந்தக் கேள்வியே என்னை நிறுத்திவிடும். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நாட்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பது, இல்லாத குரல் கேட்பது, உயிரோடு இருந்து என்ன என்ற பேச்சு வந்தால் அது வீட்டில் சமாளிப்பதல்ல, அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். லூபஸே மூளையைத் தொட்டிருக்கிறதா என்றும் அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

அம்மா நிறுத்த நினைப்பது தப்பான ஆசை இல்லை. அந்த ஆசைக்குச் சரியான பாதை படிப்படியாக இறக்குவது. 2023-இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு சொன்ன இலக்கு, லூபஸ் அடங்கியபின் தினம் 5 மி.கி. அல்லது அதற்குக் கீழே, முடிந்தால் முழுதாக விடுவது. அப்படி இறங்குவதற்குப் பிடிமானமாக லூபஸை அடக்கும் வேறு மருந்துகள் வேண்டும்: ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசாதையோப்ரின், மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட். கடைசியாகச் சொன்னது லூபஸில் வாரம் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான கேஸ்களை மருந்தகத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு இவற்றில் எது கொடுத்திருக்கிறார்கள்? எதுவுமே இல்லாமல் எட்டு மாதமாக ஸ்டீராய்டு மட்டும் ஓடுகிறது என்றால், பழைய சீட்டையே நீட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். அது நம் ஊரில் நிறைய நடக்கிறது. வாதநோய் நிபுணரிடம் (ருமட்டாலஜிஸ்ட்) ஒரு முறை காட்டிவிடுங்கள்.

மேலிருந்து இறங்கும்போது 5, 5-ஆகக் குறைக்கலாம். 10-க்குக் கீழே மாதத்துக்கு 1 மி.கி. என்று ஆமை வேகம்தான். அந்தக் கட்டத்தில் உடம்பு வலி, அசதி, ஒருவித வெறுமை வரும். நோய் திரும்பிவிட்டதோ என்று தோன்றும். பல சமயம் அது சுரப்பி கண்விழிக்கும் அலுப்பு. சில சமயம் நோயேதான். சிறுநீரில் புரதம், இரத்தத்தில் காம்ப்ளிமென்ட் (எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த புரதங்கள்) அளவு பார்த்தால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கடைசியில் காலை எட்டு மணிக்கு கார்டிசால் இரத்தப் பரிசோதனை செய்து, சுரப்பி எழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் முழுதாக விடுவார்கள். 5-ஐச் சுற்றி இருக்கும் நாட்களில் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பல் பிடுங்குவது என்று வந்தால் இரண்டு மூன்று நாளைக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு அந்தப் பர்ஸ் சீட்டில் எழுதிவையுங்கள். மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுபடி போடலாம். அதுவும் தங்காவிட்டால் ஆஸ்பத்திரி, ஊசி.

சித்த மருந்து பார்க்கலாமா என்று தோன்றினால், பெயர் எழுதிய சீட்டோடு பட்டம் பெற்ற சித்த மருத்துவர் கொடுத்தால் இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிட்டு யோசியுங்கள். பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் பெயரில்லாத மூட்டுவலிச் சூரணம் மட்டும் வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையே இடித்துக் கலப்பவர்கள் உண்டு. இரண்டு நாளில் வலி பறந்துபோனது என்றால் சந்தேகப்படுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் கஷாயங்களும் வேண்டாம். அம்மாவின் உடம்பில் வரம்பு மீறி வேலை செய்வதே அந்தச் சக்திதான்.

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளில்தான் கணக்கு. அன்றைய தாளின் ஓரத்தில் மாத்திரை அளவு, சாயங்காலச் சர்க்கரை, பிரஷர், தூங்கிய மணி நேரம், நாலே எண்கள். கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருந்து மருத்துவரிடம் நீட்டுவேன். அவர் இரண்டு நிமிடத்தில் புரட்டி, "பதினேழாம் தேதி ஏன் தூங்கலை?" என்பார். அம்மாவையே எழுதச் சொல்லுங்கள்.

மூன்று நாள் சாயங்காலச் சர்க்கரையும், வலி மாத்திரையின் பெயரும், அம்மாவுக்கு வேறு என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்பதும் கிடைத்ததும் எழுதுங்கள். மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தித் தருகிறேன்.